மொட்டை டயரும் கார்த்திகை மழையும்

வேலூரிலிருந்து தெற்கே திருவண்ணாமலைக்குப் போகும் சாலையில் பாகாயத்தையும் அடுக்கம்பாறையையும் தாண்டினால் வருவது கணியம்பாடி. வேலூரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கி.மீ.தான். காட்பாடி - விழுப்புரம் ரயில் பாதையில் அதற்கு ஒரு சிறிய ஸ்டேஷன் உண்டு. அமிர்திக் காட்டுக்குப் போகிறவர்கள் இந்த வட்டாரத்தில்தான் மலைப் பக்கம் திரும்ப வேண்டும். மற்ற நாட்களில் நெல்லும் கரும்பும், வேலூருக்கு வேலைக்குப் போகும் ஜனங்களும், ஆஸ்பத்திரிக்குப் போகும் நோயாளிகளும்தான் இந்தச் சாலையில் அதிகம்.

கார்த்திகை பிறந்துவிட்டால் கதையே வேறு. தீபத்துக்குப் போகும் வண்டிகள் வேலூர், சித்தூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று நாலா பக்கத்திலிருந்தும் வந்து இந்த ஒரு சாலையில் சேர்ந்துகொள்ளும். இரவென்றும் பகலென்றும் இல்லை. அந்தச் சமயத்தில்தான் வடகிழக்குப் பருவமழையும் நின்று பெய்யும்.

மாட்டு வண்டி கட்டிக்கொண்டு தீபத்துக்குப் போன காலம் ஒன்று இருந்தது. திருவண்ணாமலை மாட்டுச் சந்தைக்கும் அதே வண்டிகள்தான் போகும். கிளம்புவதற்கு முன்னால் வீட்டுப் பெரியவர் கடையாணியைத் தட்டிப் பார்ப்பார். அச்சுக்கு மசகு போடச் சொல்வார். மாட்டின் காலைத் தூக்கி லாடம் தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். தேய்ந்திருந்தால் புது லாடம் அடிக்காமல் வண்டி வாசலைத் தாண்டாது. இன்று வாசலில் மாட்டு வண்டிக்குப் பதில் கார் நிற்கிறது. கண்ணாடி துடைக்கிறார்கள், மாலை போடுகிறார்கள், சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழமும் வைக்கிறார்கள். எலுமிச்சம்பழம் வைக்கக் குனிந்தவர், அப்படியே ஒரு நிமிஷம் அந்தச் சக்கரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும்!

"இன்னும் ஒரு மாசம் ஓடும்"

கார்த்திகை மாதத்தில் சாலையோர பஞ்சர்க் கடை எதிலும் இந்த மாதிரி ஒரு பேச்சைக் கேட்கலாம்.

"பாய், காத்து மட்டும் பாத்து வுடுங்க. திருவண்ணாமலைக்குச் சவாரி. ஏழு பேரு."

"காத்து இருக்கட்டும் தம்பி. பின்னாடி டயரைப் பாத்தியா? பட்டனே இல்லையே!"

"இன்னும் ஒரு மாசம் ஓடும் பாய். இந்த மாசம் ட்யூ கட்டிட்டு, அடுத்த மாசம் மாத்திடலாம்னு இருக்கேன்."

"மழை இல்லேன்னா ஓடும்."

வாடகைக் கார் ஓட்டுகிறவருக்கு நாலு டயர் என்பது லேசான செலவு அல்ல. கடன் தவணை, இன்ஷூரன்ஸ், பிள்ளைகளின் பள்ளிச் சம்பளம் எல்லாம் வரிசையில் நிற்கும்போது டயர் கடைசியில்தான் நிற்கும். அவரைக் கோபிப்பதில் பிரயோசனமில்லை. ஆனால் பஞ்சர்க் கடை பாய் சொன்ன பதிலில் ஒரு பெரிய உண்மை இருக்கிறது. அதைச் சற்று விவரமாகப் பார்ப்பது நல்லது.

டயரின் மேல் இருக்கும் கட்டம் கட்டமான ரப்பர்த் துண்டுகளைத்தான் நம் டிரைவர்கள் 'பட்டன்' என்கிறார்கள். அவற்றின் நடுவே ஓடுபவை பள்ளங்கள். பட்டன் இருந்தால்தான் டயர் சாலையைப் பிடிக்கும் என்று அநேகர் நினைக்கிறார்கள். காய்ந்த சாலையில் அது அவ்வளவு சரியல்ல. முன்பு சோழவரத்திலும், 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையிலும் நடந்துவரும் கார்ப் பந்தயங்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். மழையில்லாத நாளில் பந்தயக் கார்கள் பள்ளமே இல்லாத வழவழப்பான டயரோடு ஓடுவது உண்டு. பள்ளம் இல்லையென்றால் ரப்பர் முழுவதும் தரையில் படியும், பிடிப்பும் அதிகம். (பந்தய டயரின் ரப்பர் புதியது, மிக மிருதுவானது. தேய்ந்து, காய்ந்து, மெலிந்துபோன மொட்டை டயரை அதற்கு ஒப்பிட்டுச் சமாதானம் சொல்லிக்கொள்ளக் கூடாது. ஆணியும் கல்லும் மொட்டை டயரை எளிதில் துளைக்கும். வெயிலில் வெடிக்கவும் செய்யும்.)

அப்படியானால் பள்ளம் எதற்கு? தண்ணீருக்காக. முழுக்க முழுக்கத் தண்ணீருக்காகத்தான்.

இரண்டு விநாடிக்கு ஒரு குடம்

சாதாரணக் காரின் டயர் ஒவ்வொன்றும் தரையைத் தொடும் இடம் ஓர் உள்ளங்கை அளவுதான். ஏழு பேரும் மூட்டை முடிச்சுகளும் ஏறிய வண்டியைச் சாலையோடு பிணைத்து வைத்திருப்பவை அந்த நாலு உள்ளங்கைகளே. இப்போது சாலையில் 2 மி.மீ. ஆழத்துக்கு மழைத் தண்ணீர் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டி மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போகிறது, அதாவது விநாடிக்கு 22 மீட்டர். டயரின் அகலம் 17½ செ.மீ. கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒவ்வொரு டயரும் விநாடிக்கு ஏழெட்டு லிட்டர் தண்ணீரை விலக்கித் தள்ள வேண்டும். இரண்டு விநாடிக்கு ஒரு குடம்! பள்ளங்கள் ஆழமாக இருந்தால் அந்தத் தண்ணீர் வாய்க்காலில் ஓடுவது போல அவற்றில் ஓடிப் பக்கவாட்டில் பீச்சி அடிக்கும். பள்ளங்கள் தூர்ந்துபோயிருந்தால் எங்கே போகும்? டயருக்கு முன்னால் சேரும். பிறகு ஆப்பு இறக்கியது போல் டயருக்கு அடியில் நுழைந்து வண்டியையே தூக்கிவிடும். அந்த நொடியில் ஸ்டீயரிங் லேசாகிவிடும். பிரேக்கை மிதித்தாலும் வண்டி கேட்காது. படகுக்கும் அதற்கும் வித்தியாசம் கிடையாது.

இந்த மிதப்பை முதலில் ஊன்றி ஆராய்ந்தவர்கள் ஆகாய விமானக்காரர்கள். மழை நாளில் விமானங்கள் ஓடுபாதையில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போனதுதான் காரணம். அமெரிக்காவின் நாசா நிறுவனம் 1963-ல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி அறிக்கையில், டயரில் உள்ள காற்றழுத்தத்தைக் கொண்டே மிதக்கும் வேகத்தைக் கணிக்க ஒரு சூத்திரம் கிடைத்தது. பள்ளத்தை மூடும் அளவுக்குத் தண்ணீர் நின்றாலோ, டயர் வழவழப்பாக இருந்தாலோ அது பொருந்தும். 30 பவுண்டு காற்றுள்ள டயருக்கு அந்தக் கணக்குப்படி மிதக்கும் வேகம் மணிக்குச் சுமார் 90 கி.மீ. காற்று 20 பவுண்டுக்கு இறங்கியிருந்தால் 75 கி.மீ.யே போதும். இது முழுக்க மிதக்கும் வேகம். பாதிப் பிடி நழுவுவதற்கு இன்னும் குறைந்த வேகமே போதுமானது. நாலு வழிச் சாலைகளில் 90 கி.மீ. என்பதை இன்று யாரும் வேகமாகவே நினைப்பதில்லை.

டிரைவர் சொன்ன 'ஒரு மாசம்' என்ற கணக்கையும் பார்த்துவிடலாம். புது டயரில் பள்ளம் 8 மி.மீ. போல இருக்கும். 1.6 மி.மீ.க்கு வந்தால் சட்டப்படி அதன் ஆயுள் முடிந்தது. நடுவே தேய்வதற்கு இருப்பது 6.4 மி.மீ. நாற்பதாயிரம் கி.மீ. ஓடும் டயராக இருந்தால், ஒரு மி.மீ. தேய ஏறக்குறைய ஆறாயிரம் கி.மீ. ஆகிறது. இரண்டு மி.மீ. மிச்சமிருக்கும் டயர் இன்னும் இரண்டாயிரத்து ஐந்நூறு கி.மீ. போகும், வாடகைக் காருக்கு அது ஒரு மாதப் பாடுதான். ஆக, டிரைவரின் கணக்கு தப்பே அல்ல! ஆனால் அந்த ஒரு மாதம் எந்த மாதம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மாசி பங்குனியில் அந்த இரண்டு மி.மீ. செய்யும் வேலையைக் கார்த்திகையில் செய்யாது. 3 மி.மீ. பள்ளமுள்ள டயரோடு ஒப்பிட்டால் 1.6 மி.மீ. டயர் ஈரச் சாலையில் பல மீட்டர் தள்ளித்தான் நிற்கிறது என்று பிரிட்டனில் செய்த சோதனைகள் காட்டியிருக்கின்றன. முன்னால் போகிற பஸ் திடீரென்று நிற்கும்போது அந்தப் பல மீட்டர் எங்கே இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மழைக் காலத்துக்கு 3 மி.மீ.யையே எல்லையாக வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

தோலும் டயரும்

தோல் பதனிடும் வட்டாரத்துக்கும் டயருக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். சம்பந்தம் உண்டு.

1839-ல் சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துக் காய்ச்சிப் பக்குவப்படுத்தக் கண்டுபிடித்தார். 1845-ல் ஸ்காட்லாந்துக்காரரான தாம்ஸன் காற்றடைத்த டயருக்குப் பேடண்ட் வாங்கினார். யாரும் அதைச் சட்டை செய்யவில்லை. 1888-ல் பெல்பாஸ்ட் நகரத்தில் டன்லப் என்ற கால்நடை வைத்தியர் மறுபடியும் அதைக் கண்டுபிடித்தார். இந்தத் தடவை சைக்கிள் வந்திருந்தது. உலகம் அதைப் பிடித்துக்கொண்டது. ஆனால் ஆரம்ப காலத்து மோட்டார் டயர்கள் வழவழப்பானவை. ஈரக் கல் பாவிய தெருக்களில் கார்கள் சறுக்கித் திரும்பி நின்றன. அதற்கு அப்போது ஐரோப்பாவில் கண்ட பரிகாரம் என்ன தெரியுமா? ரப்பர் டயரின் மேல் தடித்த தோல் பட்டையைப் போர்த்தி, அதில் எஃகுக் குமிழ்களை வரிசையாக அடித்தார்கள். பூட்ஸுக்கு ஆணி அடிப்பது போலத்தான்! இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் இந்தத் தோல் டயர்கள் நன்றாகவே ஓடின. 1904-ல் ஜெர்மனியின் கான்டினென்டல் கம்பெனி பள்ளம் வெட்டிய கார் டயரைக் கொண்டுவந்தது. 1908-ல் அமெரிக்காவின் பயர்ஸ்டோன் கம்பெனி, 'சறுக்காது' என்று பொருள்படும் ஆங்கில எழுத்துக்களையே டயரின் பட்டன்களாக வார்த்துவிட்டது. ஈர மண்ணில் கார் போன இடமெல்லாம் அந்த விளம்பரம் பதிந்தது. தோல் டயருக்கு அத்தோடு வேலை போயிற்று.

நம் பக்கத்துக் கதையும் சுவையானதுதான். கே. எம். மாம்மன் மாப்பிள்ளை 1946-ல் சென்னைத் திருவொற்றியூரில் பொம்மைப் பலூன் செய்ய ஆரம்பித்தார். 1952-ல் தேய்ந்த டயருக்குப் புதுத் தோல் போடும் 'டிரெட்' ரப்பருக்கு அந்தத் தொழில் மாறியது. 1961-ல் முழு டயரே வெளிவந்தது. அதுதான் எம்.ஆர்.எப். அரக்கோணத்தை அடுத்த இச்சிப்புத்தூரிலும் அதற்குத் தொழிற்சாலை உண்டு; 2019 வரை அந்த ஊரும் வேலூர் மாவட்டத்தில்தான் இருந்தது. தேய்ந்த பட்டனுக்குப் பதில் புதுப் பட்டன் ஒட்டுவதில் பிறந்த தொழில் என்பதைக் கவனிக்க வேண்டும். லாரிகளுக்கும் பஸ்களுக்கும் இன்றும் அப்படித்தான் செய்கிறார்கள். சிறிய கார்களுக்கு அது வழக்கம் இல்லை.

ஒரு தீக்குச்சி போதும்

பள்ளத்தின் ஆழத்தைப் பார்க்க மெக்கானிக் வேண்டாம். டயரின் பள்ளத்துக்குள் விரலை விட்டுத் தடவிக்கொண்டே போனால், அங்கங்கே குறுக்கே சிறு மேடு தட்டுப்படும். தற்செயலாக வந்தது அல்ல அது, 1.6 மி.மீ. உயரத்துக்கு வேண்டுமென்றே வார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1968 முதல் கார் டயர்களில் இந்த மேடு கட்டாயமாயிற்று. இப்போது எல்லா நாட்டு டயர்களிலும் உண்டு. அது எங்கே இருக்கிறது என்று தேடி அலையவும் வேண்டாம். டயரின் பக்கச் சுவரின் மேல் விளிம்பில் சிறிய முக்கோணமோ, 'டி.டபிள்யூ.ஐ.' என்ற மூன்று ஆங்கில எழுத்துக்களோ இருக்கும். அதற்கு நேர் மேலே பள்ளத்தில் பார்த்தால் மேடு தெரியும். பட்டன் தேய்ந்து தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால், டயர் முடிந்துபோனது என்று பொருள்.

மி.மீ. கணக்காகவே தெரிய வேண்டுமானால் ஒரு தீக்குச்சி போதும். மருந்தில்லாத முனையைப் பள்ளத்துக்குள் செங்குத்தாக விட வேண்டும். மேட்டின் மேல் அல்ல, பள்ளத்தின் அடியில். பட்டனின் மட்டத்தில் கட்டை விரல் நகத்தால் அழுத்தி அடையாளம் செய்துகொண்டு, வெளியே எடுத்துப் பள்ளிக்கூடப் பிள்ளையின் ஸ்கேலில் வைத்துப் பார்க்க வேண்டியதுதான். இதற்கென்றே உள்ள சிறு அளவுகோல் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது என்றாலும், தீக்குச்சி எந்த வீட்டிலும் இருக்கும்.

ஓரிடத்தில் அளந்துவிட்டு எழுந்துவிடக் கூடாது. உள் ஓரம், நடு, வெளி ஓரம் என மூன்று பள்ளங்களிலும் பார்க்க வேண்டும். சக்கரத்தைச் சற்று உருட்டி வேறு இரண்டு இடத்திலும் பார்க்க வேண்டும். பெரும்பாலோர் ஏமாறுவது உள் ஓரத்தில்தான். வெளியிலிருந்து பார்த்தால் டயர் புத்தம் புதிதாக இருக்கும். உள் ஓரத்தில் கம்பி தெரியும். முன் சக்கரத்துக்கு ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாக முழுக்கத் திருப்பினால் உள் ஓரம் தெரிந்துவிடும். பின் சக்கரத்துக்குத் தரையில் உட்கார்ந்து, செல்போன் விளக்கை அடித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. வேஷ்டி அழுக்காவதைப் பார்த்தால் முடியாது.

செருப்பைப் பார்த்து நடையைச் சொல்வது போல

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் அனுபவம் உள்ள செருப்புத் தொழிலாளியிடம் பழைய செருப்பைக் கொடுத்தால், அதைப் போட்டிருந்தவர் எப்படி நடப்பார் என்று சொல்லிவிடுவார். குதிகால் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, கட்டை விரல் எங்கே அழுத்தியிருக்கிறது என்பதிலேயே ஆளின் நடை இருக்கிறது. டயரும் அப்படியே.

நடுவில் மட்டும் தேய்ந்து இரண்டு ஓரமும் நன்றாக இருந்தால், காற்று அதிகம் அடித்து ஓட்டியிருக்கிறார்கள். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு மட்டும் மிஞ்சியிருந்தால், காற்றுக் குறைவு. ஒரே ஓரம் தேய்ந்திருந்தால் சக்கரம் சாய்ந்தோ கோணியோ நிற்கிறது. வீல் அலைன்மெண்ட் பார்க்க வேண்டும். சில டயர்களில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. உள்ளங்கையைக் குறுக்காக வைத்து ஒரு பக்கமாகத் தடவினால் வழவழ என்றும், எதிர்ப் பக்கமாகத் தடவினால் ரம்பப் பல் போலவும் இருக்கும். இரண்டு முன் சக்கரங்களும் ஒன்றையொன்று பார்த்துத் திரும்பியோ விலகியோ ஓடுவதன் அடையாளம் அது. குண்டும் குழியுமான பாதையில் ஒரு பெரிய பள்ளத்தில் விழுந்து எழுந்த வண்டிக்கு இந்த நோய் வருவது சகஜம். டயரைச் சுற்றிலும் கிண்ணம் கிண்ணமாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்ஸார்பர் ஓய்ந்துபோயிருக்கலாம், அல்லது சக்கரத்தின் பாலன்ஸ் தவறியிருக்கலாம். ஒரே இடத்தில் மட்டும் தட்டையாகத் தேய்ந்திருந்தால், அது ஒரு நாள் பிரேக்கை இறுக்கி மிதித்துச் சக்கரம் நின்றபடியே இழுபட்ட தழும்பு.

காரணத்தைக் கவனிக்காமல் புது டயர் மட்டும் போடுகிறவர்கள் உண்டு. கோணல் அப்படியே இருக்க, புது டயரும் பத்தாயிரம் கி.மீ.யில் ஒரு பக்கம் மொட்டையாகிவிடும். பிறகு டயர்க் கம்பெனியைத் திட்டுவார்கள்.

வேலூர் வெயிலும் காற்றும்

வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சித்திரை வைகாசியில் 40 டிகிரி செல்ஸியஸைத் தாண்டுவது அங்கே செய்தியே அல்ல. இந்த வெயிலை வைத்து ஒரு தவறான யோசனை ஊரெல்லாம் பரவியிருக்கிறது. "வெயில் காலத்தில் காற்றைக் கொஞ்சம் குறைத்தே வை, சூட்டில் தானாக ஏறிக்கொள்ளும்" என்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் படுகிறது. உண்மையில் டயர் சூடாவது வெயிலால் மட்டும் அல்ல. ஒவ்வொரு சுற்றிலும் தரையைத் தொடும்போது பக்கச் சுவர் மடங்கி மடங்கி நிமிர்கிறது; கம்பியை வளைத்து வளைத்து ஒடிப்பவர்கள் அது சுடுவதைக் கையால் உணர்ந்திருப்பார்கள். காற்றுக் குறைந்தால் மடிப்பு அதிகமாகும், சூடும் அதிகமாகும். பாரம் ஏற்றிய வண்டி, வேகம், வெயில், காற்றுக் குறைவு இந்த நாலும் சேர்ந்தால் டயர் வெடிக்காமல் இருப்பதே ஆச்சரியம்.

எவ்வளவு காற்று என்பதை டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தால் தெரியும் சீட்டில் அச்சிட்டே ஒட்டியிருப்பார்கள். பாரத்துக்கு ஓர் அளவும், பாரம் இல்லாததற்கு ஓர் அளவும் இருக்கும். ஏழு பேரை ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது பாரத்துக்கான அளவைப் பார்க்க வேண்டும். காலையில், வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது பிடிப்பதுதான் சரியான கணக்கு. நூறு கி.மீ. ஓடி வந்து, சூட்டில் ஏறிய காற்றைக் கண்டு பயந்து திறந்துவிடுவது பெரிய பிசகு.

சட்டமும் சாமர்த்தியமும்

1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 94-வது விதி டயரைப் பற்றியது. இரு சக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்குப் பள்ளம் 0.8 மி.மீ.க்குக் குறையக் கூடாது. மற்ற வண்டிகளுக்கு 1.6 மி.மீ. வாடகை வண்டிகளுக்குத் தகுதிச் சான்று கொடுக்கும்போது ஆர்.டி.ஓ. ஆபீசில் இதையும் பார்க்க வேண்டும். எப்.சி. நாளன்று நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு, சாயங்காலமே பழைய டயரை மாட்டிக்கொள்கிற சாமர்த்தியசாலிகளும் நாட்டில் இருக்கிறார்கள். இன்ஸ்பெக்டரை ஏமாற்றிவிடலாம், மழையை ஏமாற்ற வழி இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

இன்னொரு தந்திரம் இதைவிடப் பொல்லாதது. மொட்டையான டயரில் சூட்டுக் கத்தியால் புதிதாகப் பள்ளம் வெட்டி, கறுப்பு மை பூசி, 'செகண்ட்ஸ்' என்று மலிவு விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். சில லாரி டயர்களை மறுபடி வெட்டுவதற்கென்றே அடி ரப்பரைத் தடிமனாக வைத்துச் செய்கிறார்கள். அதை டயரின் பக்கவாட்டிலேயே எழுதியும் இருப்பார்கள். கார் டயரில் அந்த வசதி கிடையாது. வெட்டினால் உள்ளே இருக்கும் நூலையும் கம்பியையும்தான் கத்தி தொடும். பழைய டயர் வாங்குகிறவர்கள் முன்னே சொன்ன 1.6 மி.மீ. மேட்டைத் தேட வேண்டும். பள்ளம் ஆழமாக இருந்து மேட்டைக் காணோமென்றாலும், அந்த மேடும் கத்தி பட்டு வெட்டுப்பட்டிருந்தாலும், விலை எவ்வளவு குறைவானாலும் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும்.

பஞ்சர்க் கடைக்கே திரும்புவோம்.

பாயின் பேச்சைக் கேட்டு டிரைவர் கொஞ்சம் மசிகிறார். "நாலும் முடியாது பாய். ரெண்டு மட்டும் போடுங்க. முன்னாடி ரெண்டையும் மாத்திடுங்க."

"முன்னாடி இருக்கறதே பரவாயில்ல தம்பி. புதுசைப் பின்னாடிதான் போடணும்."

டிரைவருக்கு இது புதிராக இருக்கிறது. அநேகருக்கும் அப்படித்தான். இழுப்பது முன் சக்கரம், திரும்புவது முன் சக்கரம். நல்ல டயர் முன்னால்தானே இருக்க வேண்டும்? ஆனால் டயர்க் கம்பெனிகள் பலவும் புதுசைப் பின்னால் போடவே சொல்கின்றன. ஈரத்தில் முன் டயர் வழுக்கினால் வண்டி திரும்ப மறுத்து நேராகப் போகும். டிரைவருக்கு அது கையிலேயே தெரியும், காலை எடுத்தால் வேகம் குறைந்து பிடி திரும்பிவிடவும் கூடும். பின் டயர் வழுக்கினால் வண்டியின் வால் பக்கம் சுழன்று முன்னால் வந்துவிடும். அது நடக்கும் வரை கைக்கும் தெரியாது, காலுக்கும் தெரியாது. தெரிந்த பிறகு சாதாரண டிரைவர் செய்யக்கூடியது அதிகம் இல்லை.

பின் டயர்கள் இரண்டும் கழன்று விழுகின்றன. அவை வீணாகப் போகாது. ஒரு காலத்தில் கிராமத்து உழவர்களின் காலில் இருந்தவை இப்படிப்பட்ட டயரை அறுத்துச் செய்த செருப்புகள்தான். தோல் செருப்பு சேற்றில் ஊறிப்போகும். டயர் செருப்புக்கு அந்தத் தொல்லை இல்லை.

"ஸ்டெப்னி எப்படி இருக்கு தம்பி?"

"அது புதுசு பாய். வாங்கின நாள்லேருந்து எறக்கவே இல்ல."

ஸ்டெப்னி என்பது ஒரு தெருவின் பெயர் என்று நம்மில் பலருக்குத் தெரியாது. பிரிட்டனில் வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரின் ஸ்டெப்னி தெருவில்தான் 1904-ல் இந்த உபரிச் சக்கரம் பிறந்தது. பிரிட்டனில் அந்தப் பெயர் மறைந்து எத்தனையோ காலமாகிறது, இந்தியாவில்தான் வாழ்கிறது. காற்றின் அளவைத் தானே காட்டும் கருவியும், பஞ்சர் ஒட்டும் சாமானும் உள்ள ட்யூப்லெஸ் கார்களுக்கு ஸ்டெப்னியே தேவையில்லை என்று 2020-ல் விதியைத் தளர்த்திவிட்டார்கள். பழைய கார்களில் அது டிக்கிக்குள் கோணிப்பைக்கும் ஜாக்கிக்கும் அடியில் கிடக்கிறது. பட்டன் தேயாது, ஆனால் ரப்பருக்கு வயதாகும்.

டயரின் வயதை அதன் பக்கச் சுவரிலேயே எழுதியிருக்கிறார்கள். சிறிய வட்டக் கட்டத்துக்குள் நாலு எண்கள் இருக்கும். முதல் இரண்டும் வாரம், பின் இரண்டும் வருஷம். 2319 என்றிருந்தால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்த டயர். ஐந்து வருஷம் தாண்டிவிட்டால் ஆண்டுக்கொரு முறை ஆள் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதும், பத்து வருஷம் தாண்டியதைப் பட்டன் இருந்தாலும் கழித்துவிட வேண்டும் என்பதும் டயர்க்காரர்களின் பொதுவான யோசனை.

பாய் டிக்கியைத் திறந்து, துணியால் தூசியைத் துடைத்து, விளக்கை அடித்துப் பார்க்கிறார். பட்டன் கறுகறுவென்று முழுசாக இருக்கிறது. பக்கச் சுவரில் பாளம் பாளமாக வெடிப்பு. நாலு எண்களில் கடைசி இரண்டு 13.

"தம்பி, உன் கல்யாணத்துக்கு முன்னாடி செஞ்சது போல இருக்கே?"

டிரைவர் சிரித்துக்கொண்டே தலையைச் சொறிகிறார். பிறகு கழற்றி வைத்த பழைய பின் டயர் இரண்டையும் புரட்டிப் பார்க்கச் சொல்கிறார். இரண்டில் ஒன்றிலாவது மேட்டுக்கு மேலே கொஞ்சம் பட்டன் மிச்சமிருந்தால், நல்ல ஸ்டெப்னி வாங்கும் வரை அதையே உள்ளே போட்டுக்கொள்ளலாம் அல்லவா? பாய் காதிலிருந்து ஒரு தீக்குச்சியை எடுத்துக்கொண்டு குனிகிறார்.